கொலுவில் போட்ட கையெழுத்து

செப்டம்பர் 14, 1997, ஞாயிறு

பார்சிப்பனிக்குப் போய் இந்தியக் கடையில் மளிகை வாங்கி வந்தோம். முருங்கைக்காய் வந்திருந்தது. குச்சியாகக் காய்ந்து கிடந்ததை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள், நானும் அள்ளினேன். திரும்பும்போது வெண்பா காரிலேயே பள்ளிக்கூட ஃபீல்ட் ட்ரிப் தாளை நீட்டினாள். அம்மா கையெழுத்து வேண்டுமாம். சிக்னலில் நின்ற நேரத்தில் இவர் அதை வாங்கி, ஸ்டியரிங் மேல் வைத்து, என் பெயரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்! கேட்டால், "உன்ர கையெழுத்து உன்னைவிட எனக்குத்தான் நல்லா வருது" என்று சிரிப்பு வேறு.

உண்மைதான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பேங்க், டாக்ஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் என் பெயரை எழுதி வருபவர் நஞ்சப்பன்தான். நான் போட்டால் தமிழில்தான் போடுவேன். மே மாதம் சிட்டிசன் ஆனபோது, எப்போதும் எப்படிப் போடுவீர்களோ அப்படியே போடுங்கள் என்றார் அந்த ஆபீசர். தமிழில் போட்டேன். ஓட்டர் பதிவிலும் அப்படியே. பதிவு செய்த அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "பியூட்டிஃபுல்" என்றாள். கோலம் என்று நினைத்தாளோ என்னவோ.

நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன். எங்கள் டவுன் கவுன்சிலுக்கு நிற்கும் ராமசுப்ரமணியன் சாருடைய தேர்தல் ஆபீஸ். நவம்பர் வரைக்கும்தான். ஆனாலும் வேலை வேலைதானே.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆபீஸ் என்றால், காலி பண்ணிவிட்டுப் போன ஒரு கார்ப்பெட் கடை. இன்னும் பசை நாற்றம் போகவில்லை. நாலு மேஜை, நாலு போன், சுவரில் சாருடைய சிரித்த முகம். நடத்துவது டெனிஸ் என்பவன், கட்சி அனுப்பிய ஆள். வசந்தாமணி என்ற என் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். மூச்சு வாங்கியது. அதோடு "வீ" என்று சுருக்கிவிட்டான். தமிழ் வீடுகளுக்கெல்லாம் போன் பண்ணி, பதிவு பண்ணிவிட்டீர்களா, ஓட்டுப் போட வருவீர்களா என்று கேட்பது என் வேலை. போன் எடுப்பதெல்லாம் பெண்கள். பதில் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேங்க."

செப்டம்பர் 28, ஞாயிறு

சார் ஜெயிக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன். சம்பளத்துக்காக மட்டும் இல்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு லைப்ரரி ஹாலைக் கேட்டு இரண்டு வருஷமாக நடக்கிறோம். முதலில் ஒரே ஒரு சனிக்கிழமை கொடுத்தார்கள்; சமையல் வாசனை வருகிறதென்று யாரோ புகார் கொடுத்தார்களாம், கவுன்சில் மறுத்துவிட்டது. நாங்கள் அங்கே அடுப்பே மூட்டியதில்லை. ஒரு பிள்ளை டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசியது சார் ஒருவர்தான். மற்ற ஆம்பளைகள் பார்க்கிங் லாட்டில் வந்து வீரம் பேசினார்கள்.

அப்புறம் எண்பத்தெட்டில் இவருக்கு வேலை போனபோது, விசா முடியப் போகிறது, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று இருந்தோம். சார்தான் தெரிந்த கம்பெனியில் சொல்லி உள்ளே சேர்த்துவிட்டார். இன்றைக்கு இந்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அவரால்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

சார் வீட்டில் கொலு. விசாலாக்ஷி மாமி ஒன்பது படி வைத்திருந்தார். கீழே பார்க் கட்டி, அதில் பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று செட்டியார் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெண்கள் மேலே, ஆண்கள் பேஸ்மென்ட்டில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டு. வழக்கம்தான்.

டெனிஸ் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான். சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. தபால் ஓட்டுக்கான விண்ணப்பத் தாள்களைக் கொடுத்து, தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். வயசானவர்கள் குளிரில் வரிசையில் நிற்க வேண்டாமே, வீட்டுக்கே ஓட்டு வந்துவிடும் என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. தட்டுக்குப் பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். குங்குமம், வெற்றிலைபாக்கு, ரவிக்கைத் துணி, ஒரு கையெழுத்து. "எங்க போடணும் வசந்தா?" என்று மட்டும்தான் கேட்டார்கள். யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை, எனக்கு முன்னால் வந்த தாளில் என் கையெழுத்தைத் தமிழில் போட்டுவிட்டு அடுத்தவருக்குச் சுண்டல் எடுத்தேன்.

ருக்மிணி ஆன்ட்டி மட்டும், "இது என்னம்மா?" என்றார். இவருடைய சிநேகிதர் வாஞ்சிநாதனுடைய அம்மா; மகனோடு வந்து பத்து வருஷமாகிறது. ஓட்டு வீட்டுக்கே வரும் ஆன்ட்டி என்றேன். "வீட்டுக்கே வந்துடுத்துன்னா நான் வெளியில போறது எப்படி? இந்த ஊர்ல நான் தனியா ஒரு எடத்துக்குப் போனதே கெடையாது. ஓட்டுப் போடவாவது போலாம்னு நெனச்சேன்" என்று தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார். கிளம்பும்போது வாஞ்சிநாதன் வந்து, அம்மாவுக்கும் சேர்த்துத் தானே போட்டுக் கொடுத்தார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஆபீஸில் சிரிப்பாகிவிட்டது. விண்ணப்பத்தில் தபால் ஓட்டு ஏன் வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் வெறுமையாக விட்டதையெல்லாம் யாரோ நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள்: தேர்தல் அன்று வெளியூரில் இருப்பேன். எல்லோருக்கும் அதே. அன்றைக்கு எங்கள் ஊர்த் தமிழ் ஜனம் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போகிறதோ! டெனிஸிடம் கேட்டேன். அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி வீ, யாரும் பார்ப்பதில்லை என்றான். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் சிரித்தேன்?

அக்டோபர் 26, ஞாயிறு

ஸ்கூல் கஃபட்டீரியாவில் தீபாவளி விழா. வெண்பா ஆடினாள்; நடுவில் ஸ்டெப் மறந்துபோய்ச் சிரித்துச் சமாளித்தாள். அவளுக்குப் பதிமூன்று வயசு, எதற்கும் வெட்கமில்லை. நல்லதுதான்.

வாசல் பக்கம் ஒரு மேஜை போட்டு டெனிஸின் ஆட்கள் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுச்சீட்டு வீட்டுக்கு வந்தவர்கள் கவரில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், சீட்டில் நிறையப் பெயர் இருக்கிறது, குழம்ப வேண்டாம், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆண்கள் வரிசையில் வந்து, குடும்பத்துக்குச் சேர்த்து மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் பிரியாணிப் பக்கம் போனார்கள். சார் மேடையிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பிக் குத்துவிளக்கைப் பார்த்தார்.

காரில் வரும்போது, நமக்கு இன்னும் சீட்டு வரவில்லையே என்று இவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் வந்துச்சு. குடுத்தாச்சு."

"என்ரதுங்களா?"

"ரெண்டும்தான்."

வெண்பா பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். 

அக்டோபர் 27, திங்கள்

பின்னறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒளித்து வைத்துச் செய்திருந்தால்கூட, தப்பு என்று அவர்களுக்குத் தெரிகிறது என்றாவது இருந்திருக்கும். டோனட், காபி, ரேடியோ. டெனிஸும் இரண்டு பேரும் கவர்களிலிருந்து வெற்றுச் சீட்டுகளை எடுத்து, சாருடைய பெயருக்கும் கட்சிக்காரர்களுக்கும் நேராகக் கறுப்பாக்கி, திரும்பப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "வா வீ, நீ வேகமாகச் செய்வாய்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

உட்கார்ந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். உட்கார்ந்து பேனாவையும் கையில் எடுத்தேன்.

முதலில் ருக்மிணி ஆன்ட்டியின் கவர். வாஞ்சிநாதனுடைய சாய்ந்த எழுத்து. அதற்கும் கீழே இன்னும் இரண்டு மூன்று தள்ளி, என் பெயர். இங்கிலீஷில். அந்த "வீ"யை இவர் எப்படிச் சுழிப்பார் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத் தாளில் பார்த்தது, பேங்க் செக்கில் பார்த்தது. மேலே சத்தியப் பிரமாணம் மாதிரி நாலு வரி அச்சடித்திருக்கிறது: இதை நானே நிரப்பினேன், நானே கையெழுத்திடுகிறேன்.

கவரை எடுத்து ஹேண்ட்பேக்கில் வைக்கக் கை போனது. வைக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, காபிகூடப் போடாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு நாற்பத்தியொரு வயசு. ஊரில் இருந்தவரை ஓட்டுப் பதிவில் பெயரே ஏறவில்லை. இங்கே வந்து சிட்டிசன் ஆக இத்தனை வருஷம். இது என்னுடைய முதல் ஓட்டு.

அக்டோபர் 28, செவ்வாய்

சமையலறையில் வைத்துக் கேட்டேன். வெண்பா மாடியில் இருந்தாள்.

"என்ர ஓட்டை நீங்க எப்படீங்க போடலாம்?"

"நான் எங்க போட்டேன்? கையெழுத்துத்தான் போட்டேன்."

"என்ர கையெழுத்துங்க அது."

"ஏன், இத்தன வருசமா போட்டதில்லையா? அன்னிக்கெல்லாம் சும்மாதானே இருந்தே?" இவருக்கு நிஜமாகவே புரியவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சரி, நீயே போட்டிருந்தா யாருக்குப் போட்டிருப்பே? சாருக்குத்தானே?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன?"

அப்புறம் என்ன? சாம்பாரை இறக்கிவைத்தேன். எனக்கே தெரியாத ஒன்றை இவரிடம் எப்படிச் சொல்வது? சாருக்குத்தான் போட்டிருப்பேன். சந்தேகமே இல்லை. ஆனால் திரையை இழுத்துவிட்டு உள்ளே தனியாக நின்று நான் போட்டிருப்பேன். அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே மனுசன்.

மாடிப்படியில் வெண்பா நின்றிருந்தாள். "வெயிட், டாட் வோட்டட் ஃபார் யூ? இஸ் தட் ஈவன் லீகல்?" இருவரும் ஒரே குரலில் அவளைப் படிக்கச் சொன்னோம்.

அக்டோபர் 29, புதன்

டெனிஸிடம் சொன்னேன், இது சட்டப்படி தப்பு என்று. அவன் கோபிக்கவே இல்லை. எதிர்க்கட்சி முதியோர் இல்லங்களில் இதையேதான் செய்கிறது, நாம் மட்டும் கை கட்டி நின்றால் உங்கள் ஆட்களுக்கு இந்த டவுனில் இன்னும் இருபது வருஷத்துக்கு ஒரு நாற்காலி கிடைக்காது என்றான். அவன் சொன்னது பொய்யாகவும் இருக்காது.

மதியம் சாரிடம் போனேன். அறையில் அவர் மட்டும்தான். எல்லாவற்றையும் சொன்னேன், என் கவரைப் பற்றியும். வாங்கிக் கொடுத்துவிடுங்கள் சார், அவரவரே நிரப்பட்டும், எல்லோரும் உங்களுக்குத்தான் போடப்போகிறார்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"டெனிஸ் என்ன பண்றான்னு நான் கேட்டுக்கறதில்ல வசந்தாமணி. அவங்களும் எங்கிட்ட சொல்றதில்ல."

"இப்ப நான் சொல்லிட்டனுங்களே சார்."

"நீங்க சொல்லலைன்னு வெச்சுக்கலாமா?"

கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். கவுன்சில் கூட்டத்தில் நிமிர்ந்து நின்று பேசிய மனிதர். அந்தக் குரல்தான் என்னைக் கலங்கடித்துவிட்டது. அதட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். இவர் வேலை, இந்த வீடு, லைப்ரரி ஹால், எல்லாம் ஒரு பக்கம். யாரிடமாவது சொன்னால் முதலில் மாட்டுவது யார்? சாரா, டெனிஸா? இவர்தான். என் பெயரை எழுதியவர் என் புருஷன்தான். அப்புறம் கொலுவில் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட பெண்கள். சிட்டிசன்ஷிப்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வாங்கினவள் நான்தானே?

சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. நல்ல மனிதர் ஜெயிப்பார். வகுப்புக்கு ஹால் கிடைக்கும். யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியுமே.

அக்டோபர் 30, வியாழன், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். இவருக்குப் புதுச் சட்டை சரியாக இருந்தது. குலாப்ஜாமுன் உடைந்துவிட்டது. ஊருக்குப் போன் போட்டுப் பேசினோம்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன், நாளைக்கு மாவட்டத் தேர்தல் ஆபீஸுக்குப் போகிறேன் என்று.

"என்னைப் புடிச்சுக் குடுக்கப் போறியா?"

"என்ர ஓட்டைக் கேட்டு வாங்கப் போறனுங்க."

"சாருக்கு இதுதான் நாம பண்ற கைமாறா?"

தட்டுகளை எடுத்தேன். இன்றைக்குத்தான் டெனிஸ் அந்த ஆபீஸில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

அக்டோபர் 31, வெள்ளி

ஹைவேயில் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். வலது லேனை விட்டு நகரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் எல்லாம் ஹார்ன் அடித்துத் தீர்த்தான்.

இன்றைக்கு ஹாலோவீன், பேய் வேஷம் கட்டும் நாள் என்பதை மறந்துவிட்டேன். தேர்தல் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மாள் கூர்மையான சூனியக்காரித் தொப்பி வைத்திருந்தாள். மூக்கில் ஒரு பச்சை மரு. வாழ்க்கையில் இவ்வளவு பயந்து ஓர் ஆபீஸுக்குள் நான் நுழைந்ததில்லை, வந்தால் இந்தக் கோலம். சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்து, மிட்டாய்க் கிண்ணத்தைத் தள்ளினாள்.

என் தபால் ஓட்டை நான் போடவில்லை என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றி வைத்தாள். உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து, என் பதிவுக் கையெழுத்தையும் அந்தக் கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ். பார்க்கக் கண் மட்டும் இருந்தால் போதும். இத்தனை வருஷம் என் பெயரை எழுதியவருக்கு, நான் எந்த மொழியில் கையெழுத்துப் போடுவேன் என்பதே மறந்துபோயிருக்கிறது.

யார் எழுதியது என்று கேட்டாள். என் கணவர் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். இந்த ஓட்டைச் செல்லாததாக்கலாம், ஆனால் நீங்கள் தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்துவிட்டதால் இந்த வருஷம் பூத்திலும் போட முடியாது என்றாள். அப்புறம் மரு வைத்த மூக்கோடு என்னை நேராகப் பார்த்து, இது ஒன்றுதானா என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வீட்டுச் சண்டை என்று முடிந்திருக்கும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் தயாராகப் போகவில்லை. மிட்டாய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ருக்மிணி ஆன்ட்டி ஞாபகம் வந்தது. ஓட்டுப் போடவாவது வெளியில போலாம்னு நெனச்சேன்.

இல்லை, இன்னும் இருக்கிறது என்றேன். நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

பெட்டி முழுவதையும் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். கோட் போட்ட இரண்டு பேர் வீடு வீடாகப் போய், இது உங்கள் கையெழுத்தா என்று கேட்கிறார்கள். போன் ஓயவில்லை. பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் நான் ஹலோ சொன்னதும் வைத்துவிட்டார்கள். விசாலாக்ஷி மாமி, "எங்காத்துத் தாம்பூலம் வாங்கிண்டவதானே நீ" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். திட்டினவர்கள் தேவலை.

இவர் பேஸ்மென்ட்டில் படுத்துக்கொள்கிறார்.

நவம்பர் 4, செவ்வாய்

தேர்தல். முடியாது என்று தெரிந்தும் பூத் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தீயணைப்பு நிலையத்தில் வைத்திருந்தார்கள். திரை நீலக் கலர்.

நவம்பர் 5, புதன்

சார் தோற்றுவிட்டார். கொஞ்ச ஓட்டில்தான். அந்தக் கவர்களை எண்ணியிருந்தால் ஜெயித்திருப்பார். அவரவரே போட்டிருந்தாலும் ஜெயித்திருப்பார்.

டிசம்பர் 11, வியாழன்

இவரை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். இன்டர்வியூவுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். அவர் வருகிற வரைக்கும் வீட்டைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன். ஜெயில் என்று யாரோ போனில் சொன்னது காதிலேயே நின்றது. நாலு மணிக்கு வந்தார். ஒத்துக்கொண்டதால், இனி செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்களாம். கையெழுத்துப் போட்ட பெண்கள் யார் மேலும் எதுவும் இல்லையாம். டெனிஸ் மேல்தான் வழக்கு. சாரைக் கேட்டார்களாம், தெரியாது என்றாராம்.

இவ்வளவையும் சுவரிடம் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டப் போனார். நான் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜனவரி 17, 1998, சனி

பொங்கல் விழா. எங்களுக்கு அழைப்பு வரவில்லை. வெண்பா தன் ஃப்ரெண்டோடு போய் ஆடிவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஃபைன்" என்றாள். அப்புறம் திரும்பி வந்து, "தே வேர் வியர்ட் டு மீ" என்றாள், எல்லோரும் அவளிடம் ஒரு மாதிரி நடந்துகொண்டார்களாம். கட்டிக்கொள்ளப் போனேன், விலகிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பனி. இருவருமாக வாசல் டிரைவ்வேயில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். மூன்று மாதமாகப் பேச்சு, உப்பு இருக்கிறதா, பால் இருக்கிறதா என்பதோடு சரி. திடீரென்று மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு விசாரணையில அந்த ஆபீசர், உங்க சம்சாரம் போடச் சொன்னாங்களான்னு கேட்டான். ஆமான்னு சொல்லு, லேசாப் போயிரும்னு வாஞ்சிநாதன் சொல்லித்தான் அனுப்புனாரு."

நானும் மண்வாரியை ஊன்றினேன்.

"இல்ல, நான் கேக்கவே இல்லீன்னு சொன்னேன். அவன் எழுதிக்கிட்டான். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு. கேக்கவே இல்லீன்னு சொன்னப்பறம்தான்... இத்தன வருசத்துல ஒருக்காகூட கேட்டதில்லீன்னு தெரிஞ்சுது."

மறுபடியும் பனியை வார ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் பாதையையும் சேர்த்து வாரினார்.

மார்ச் 15, ஞாயிறு

பார்சிப்பனி மளிகைக் கடையில் சாரும் மாமியும். மாமி கொத்தமல்லிக் கட்டைப் பார்க்க ஆரம்பித்தார், நாங்கள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். சார் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, "சௌக்கியமா?" என்றார். சௌக்கியமுங்க சார் என்றேன். இளைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் வந்தேன். எழுதிப் பார்த்தால், இருக்கிறது. அன்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே பையில்தான் கிடக்கிறது, நான் என்ன செய்ய?

ஹால் கிடைக்கவில்லை. வகுப்பு இப்போது யாரோ வீட்டுக் கராஜில் நடக்கிறதாம்.

ஏப்ரல் 9, வியாழன்

ருக்மிணி ஆன்ட்டி போன் பண்ணினார்! மகன் ஆபீஸ் போன நேரம் பார்த்து. "ஸ்கூல் எலக்‌ஷன்னு ஒண்ணு வரதாமே இந்த மாசம். வாசல்ல நோட்டீஸ் போட்டிருந்தான். என்னைக் கூட்டிண்டு போறியா?" என்றார். பள்ளிக்கூட போர்டுக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியுமா ஆன்ட்டி என்றேன். "அதை நீ படிச்சுச் சொல்லு. யாருக்குன்னு நான் பாத்துக்கறேன்."

என்மேல் கோபமில்லையா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என்ன புடவை கட்டிக்கொள்ளலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 14, செவ்வாய், தமிழ் வருஷப்பிறப்பு

வேப்பம்பூ கிடைக்கவில்லை, மாங்காய்ப் பச்சடியோடு சரி. ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். இங்கே சித்திரை பிறக்கும்போதுதான் டாக்ஸ் கட்டக் கடைசி நாளும் வரும். இவர் சாயங்காலம் முழுக்கக் கால்குலேட்டரும் தாள்களுமாகச் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வசந்தா, கொஞ்சம் வா."

கை துடைத்துக்கொண்டு போனேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்திருந்தார். கீழே இரண்டு கோடு. ஒன்றில் அவர் கையெழுத்து. இன்னொன்று வெறுமையாக இருந்தது. அதன்மேல் பேனாவை மூடி கழற்றி வைத்திருந்தார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவசரமில்ல. நாளைக்குத்தான் தபால்ல சேர்க்கோணும்."

உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாதி புரியவில்லை, புரியாததைக் கேட்டேன். அவர் சொன்னார். சொல்லத் தெரியாததைப் புத்தகத்தில் தேடிச் சொன்னார். ஓரிடத்தில் கூட்டல் தப்பாக இருந்தது, திருத்தினார். காபி ஆறிப்போயிற்று. வெண்பா எட்டிப் பார்த்து, "வாட் ஆர் யூ கைஸ் டூயிங்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் பேனாவை எடுத்து, தமிழில், என் பெயரை எழுதினேன். அவர் அதை வாங்கி, மை காய்கிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.